கார்னீலியா சொராப்ஜி: பட்டம் தாமதமாக வந்த வழக்கறிஞர் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

இந்தியாவின் முதல் பெண் வழக்கறிஞர் யார் என்று பொது அறிவுத் தேர்வுகளில் கேட்கிறார்கள். கார்னீலியா சொராப்ஜி என்று ஒரு வரியில் விடை எழுதி மதிப்பெண் வாங்கிவிடலாம். ஆனால் அந்த ஒரு வரிக்குள் முப்பது ஆண்டுக் காத்திருப்பு அடங்கியிருக்கிறது. அவரைப் பற்றியும் அவர் பிறந்த குடும்பத்தைப் பற்றியும் வாசகர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கான விடைகள் கீழே உள்ளன.

இவரை "முதல் பெண் வழக்கறிஞர்" என்று சொல்வது சரிதானா?

எதில் முதல் என்று சேர்த்துச் சொன்னால் சரி. பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்ற முதல் பெண் அவர். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் சட்டம் பயின்று, பி.சி.எல். எனப்படும் குடிமைச் சட்டத் தேர்வை எழுதிய முதல் பெண்ணும் அவரே; அது 1892-இல் நடந்தது. 1896-இல் பூனாவில் ஒரு பிரிட்டிஷ் நீதிமன்றத்தில், கொலைக் குற்றம் சாட்டப்பட்ட ஒருவருக்காக நின்று வாதாடினார். அப்போது அவர் எந்த நீதிமன்றத்திலும் வழக்கறிஞராகப் பதிவு பெற்றவர் அல்லர். குற்ற வழக்குகளில் நீதிமன்றத்தின் அனுமதியோடு வழக்கறிஞர் அல்லாத ஒருவரும் குற்றம் சாட்டப்பட்டவருக்காகப் பேசலாம் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இருந்த இடத்தைப் பயன்படுத்திக்கொண்டார். முறையான பதிவு 1921-இல்தான் அலகாபாத் உயர் நீதிமன்றத்தில் கிடைத்தது. ஆகவே "முதல் பெண் வழக்கறிஞர், 1892" என்றோ "1896" என்றோ எழுதுவோர் மூன்று வெவ்வேறு நிகழ்ச்சிகளை ஒன்றாகக் குழைத்துவிடுகிறார்கள். இந்தக் குழப்பத்தை நீக்காமல் அவருடைய வாழ்க்கையைப் புரிந்துகொள்ள முடியாது, ஏனென்றால் இந்த ஆண்டுகளுக்கு இடையில் இருக்கும் இடைவெளிதான் அவருடைய வாழ்க்கை.

அவருடைய தந்தை யார்? பார்சி பெயர் கொண்ட கிறித்தவக் குடும்பம் எப்படி உருவானது?

தந்தை சொராப்ஜி கர்சேத்ஜி லங்க்ரானா, பம்பாயைச் சேர்ந்த பார்சி. இளம் வயதில் கிறித்தவத்தைத் தழுவிய அவர், பிற்காலத்தில் சபை ஊழியராகவும் குருவாகவும் பணியாற்றினார். அந்தக் காலத்துப் பார்சி சமூகத்தில் மதம் மாறுவது என்பது வீட்டைவிட்டு மட்டுமன்றி, ஊரையும் உறவையும் தொழிலையும் விட்டு விலக்கப்படுவது. துடுப்பில்லாத படகில் அவரை ஏற்றிக் கடலில் தள்ளிவிட்டார்கள் என்ற கதை அந்தக் குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டு வந்தது. இவ்வளவுக்குப் பிறகும் அவர் தம்மைப் பார்சி அல்லாதவர் என்று கருதியதில்லை. பிள்ளைகளும் அப்படியே வளர்ந்தார்கள். மதத்தால் கிறித்தவர், இனத்தால் பார்சி என்றே கார்னீலியா கடைசிவரை தம்மை அறிமுகப்படுத்திக்கொண்டார்.

குடும்பப் பெயரைப் பற்றி ஒரு சிறு குறிப்பு. சொராப்ஜி என்பது தந்தையின் இயற்பெயர். லங்க்ரானா என்பதுதான் குலப் பெயர். பிள்ளைகள் தந்தையின் பெயரையே தங்கள் பெயருக்குப் பின்னால் சேர்த்துக்கொண்டார்கள். தகப்பன் பெயரைத் தலைப்பெழுத்தாகச் சுமக்கும் நமக்கு இதில் வியப்பொன்றும் இருக்காது.

தாய் ஃபிரான்சினா?

கார்னீலியாவின் கதையை எழுதுவோர் பெரும்பாலும் தந்தையின் மதமாற்றத்தில் தொடங்கி நேராக ஆக்ஸ்ஃபோர்டுக்குத் தாவிவிடுகிறார்கள். என் பார்வையில், வேர் தாயின் பக்கம்தான் இருக்கிறது.

ஃபிரான்சினா தென்னிந்தியாவில் இந்துக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். சிறுமியாக இருக்கும்போதே சர் ஃபிரான்சிஸ் ஃபோர்டு, அவர் மனைவி கார்னீலியா ஃபோர்டு என்ற ஆங்கிலேயத் தம்பதியர் அவரை வளர்ப்பு மகளாக ஏற்றுக்கொண்டார்கள். தம்மை வளர்த்த அந்த அம்மையாரின் பெயரைத்தான் ஃபிரான்சினா பின்னாளில் தம் மகளுக்குச் சூட்டினார். கார்னீலியா என்ற பெயர் இந்தியக் குடும்பமொன்றில் வந்து சேர்ந்த வழி இதுதான்.

1876-இல் ஃபிரான்சினா பூனாவில் விக்டோரியா உயர்நிலைப் பள்ளியைத் தொடங்கினார். பார்சி, இந்து, முஸ்லிம், யூத, ஆங்கிலேயப் பிள்ளைகள் ஒரே வகுப்பறையில் அமர்ந்து படித்த பள்ளி அது. சமூகத்துக்கொரு பள்ளி, சாதிக்கொரு பந்தி என்றிருந்த காலத்தில் இது சிறிய காரியம் அன்று. அதோடு நில்லாமல், இந்திய மொழிகளில் பாடம் சொல்லும் பள்ளிகளையும் நடத்தினார். பெண்களுக்குக் கல்வி தேவையா என்ற வாதத்தில் அவர் நேரத்தைச் செலவிடவில்லை. பள்ளியைத் திறந்தார், தம் பெண்களையே அதில் ஆசிரியைகளாகவும் நிறுத்தினார்.

உடன்பிறந்தவர்கள் என்ன ஆனார்கள்?

கார்னீலியா 1866 நவம்பர் 15-ஆம் நாள் நாசிக்கில் பிறந்தார். பெல்காமிலும் பூனாவிலும் வளர்ந்தார். வீட்டில் பெண்கள் பலர். வளர்ந்து ஆளான ஆண்பிள்ளை டிக் என்று வீட்டார் அழைத்த ரிச்சர்டு ஒருவரே.

தங்கை சூசி தாயின் வழியில் கல்விப் பணிக்குச் சென்றார். பூனாவின் செயின்ட் ஹெலினா பள்ளி அவர் உருவாக்கியது. கடைசித் தங்கைகளில் ஒருவரான ஆலிஸ் அறிவியல் பட்டம் பெற்று மருத்துவரானார். 1908-இல் தியோடர் பென்னெல் என்ற மிஷனரி மருத்துவரை மணந்து, வடமேற்கு எல்லைப்புறத்தில் பன்னு என்ற ஊரில் பதான் பெண்களுக்கு மருத்துவம் பார்த்தார். நான்கே ஆண்டுகளில் கணவர் இறந்துபோன பிறகும் அவர் மருத்துவப் பணியைக் கைவிடவில்லை.

தம்பி டிக் பாரிஸ்டராகி அலகாபாத்தில் தொழில் நடத்தினார். இங்கேதான் உறுத்துகிறது. அக்காள் எந்த நீதிமன்றத்தின் படியேறக் காத்துக் கிடந்தாரோ, அதே நீதிமன்றத்தில் தம்பி கறுப்பு அங்கியோடு நடந்து போனார். ஒரே வீடு, ஒரே வளர்ப்பு, ஒரே ஆக்ஸ்ஃபோர்டு. ஆண், பெண் என்ற வேறுபாடு ஒன்றுதான் நடுவில் நின்றது. அந்தத் தம்பியின் மகனான தத்துவப் பேராசிரியர் ரிச்சர்டு சொராப்ஜி, தம் அத்தையின் கடிதங்களையும் நாட்குறிப்புகளையும் ஆதாரமாகக் கொண்டு 2010-இல் விரிவான வாழ்க்கை வரலாறு ஒன்றை எழுதி வெளியிட்டார்.

சட்டம் படிக்க வேண்டும் என்ற எண்ணம் எப்படி வந்தது?

அவரே தம் நினைவுக் குறிப்பில் ஒரு காட்சியைச் சொல்கிறார். சிறுமியாக இருக்கும்போது, தாயைப் பார்க்கக் குஜராத்தின் கத்தியவார் பகுதியிலிருந்து ஒரு பணக்கார விதவை வந்திருந்தார். அவருடைய சொத்தைக் கவனித்துவந்த காரியஸ்தர் ஏதோ ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, சொத்து முழுவதையும் தம் பெயருக்கு மாற்றிக்கொண்டுவிட்டார். படிக்கத் தெரியாத, அந்நிய ஆடவர் முன் வரக்கூடாத அந்தப் பெண்மணிக்கு வழக்கறிஞரிடம் போகவும் வழியில்லை. அவர் போன பிறகு தாய் மகளிடம், இப்படிப்பட்டவர்களுக்கு உதவ வேண்டுமானால் நீ சட்டம் படிக்க வேண்டும் என்றாராம். வளர்ந்த பின் நினைவிலிருந்து எழுதும்போது இத்தகைய காட்சிகள் கொஞ்சம் செப்பமாகிவிடுவது இயல்பு. ஆனாலும் அவருடைய பிற்காலப் பணி முழுவதும் இந்த ஒரே வகைக் கட்சிக்காரருக்காகவே அமைந்தது என்பதை மறுக்க முடியாது.

ஆக்ஸ்ஃபோர்டு போவதற்குப் பணம் எங்கிருந்து வந்தது?

பூனா டெக்கான் கல்லூரியின் முதல் மாணவி அவர். பட்டத் தேர்வில் முதல் வகுப்பில் தேறினார். அந்தத் தேர்ச்சிக்கு, இங்கிலாந்து சென்று படிக்க அரசின் உதவித்தொகை கிடைத்திருக்க வேண்டும். பெண் என்பதால் மறுத்துவிட்டார்கள். அகமதாபாத்தின் குஜராத் கல்லூரியில் ஆங்கிலம் கற்பிக்கும் தற்காலிக வேலையை ஏற்றுக்கொண்டார். இருபத்திரண்டு வயதுகூட நிறையாத பெண் ஒருத்தி மேடையில் நின்று ஆண் மாணவர்களுக்குப் பாடம் நடத்தியது அன்று ஊர்ப்பேச்சாயிற்று.

இதற்குள் இங்கிலாந்தில் அவருக்காக ஒரு நிதி திரட்டப்பட்டது. ஹாப்ஹவுஸ் சீமாட்டி முன்னின்று நடத்திய அந்த முயற்சிக்கு ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல், சர் வில்லியம் வெடர்பர்ன் போன்றோர் பணம் கொடுத்தார்கள். 1889-இல் ஆக்ஸ்ஃபோர்டின் சாமர்வில் பெண்கள் விடுதியில் சேர்ந்தார்.

1892 தேர்வில் என்ன நடந்தது?

பேலியல் கல்லூரித் தலைவர் பெஞ்சமின் ஜோவெட் அவருக்குப் பெருந்துணையாக இருந்தார். ஆல் சோல்ஸ் கல்லூரியின் காட்ரிங்டன் சட்ட நூலகத்தில் அமர்ந்து படிக்கவும் அவருக்கு அனுமதி கிடைத்தது. அதற்கு முன் எந்தப் பெண்ணுக்கும் அது கிடைத்ததில்லை. ஆனால் தேர்வு நெருங்கியபோது, பெண்ணுக்குத் தேர்வு நடத்த முடியாது என்று மறுப்பு எழுந்தது. வேண்டுமானால் தனியாக ஓரிடத்தில் உட்கார்ந்து எழுதிக்கொள்ளலாம் என்று ஒரு சமாதானம் சொன்னார்கள்.

அவர் அதற்கு இசையவில்லை. ஆண்கள் எழுதும் கூடத்திலேயே, அவர்களோடு சேர்ந்தே எழுத வேண்டும் என்று உறுதியாக நின்றார். தனி அறையில் எழுதினால், நாளைக்கு அதைத் தேர்வே இல்லை என்று யாரும் சொல்லிவிடலாம் அல்லவா? தேர்வுக்குச் சற்று முன்னதாகப் பல்கலைக்கழகம் கூடி, கார்னீலியா சொராப்ஜி பி.சி.எல். தேர்வு எழுதலாம் என்று அவர் பெயரைச் சொல்லியே ஒரு தனித் தீர்மானம் இயற்றியது. அவர் எழுதினார், மூன்றாம் வகுப்பில் தேறினார்.

தேறியவருக்குப் பட்டம் கிடைத்ததா? கிடைக்கவில்லை. பெண்களுக்குப் பட்டம் வழங்க ஆக்ஸ்ஃபோர்டு 1920-இல்தான் ஒப்புக்கொண்டது. கார்னீலியா 1922-இல் சென்று பட்டம் வாங்கிக்கொண்டார். எழுதிய தேர்வுக்கு முப்பது ஆண்டுகள் கழித்து.

இந்தியா திரும்பிய பிறகு ஏன் வழக்காட முடியவில்லை?

1893-இல் திரும்பினார். சமஸ்தானங்களில் பிரிட்டிஷ் ஏஜென்டுகளின் கீழ் இருந்த ஏஜென்சி நீதிமன்றங்கள் சில, பம்பாய் உயர் நீதிமன்றத்தின் விதிகளுக்கு உட்படாதவை என்பதால் கத்தியவார், இந்தூர் பகுதிகளில் சில வழக்குகளை நடத்த அனுமதி பெற்றார். அந்த நாள்களில் பஞ்சமகால் பகுதியில் ஒரு யானைக்காக அவர் வழக்காடப் போன கதையை அவரே எழுதியிருக்கிறார். யானையின் தீனிக்கென முன்பு விடப்பட்டிருந்த தோப்பை ராஜா திரும்ப எடுத்துக்கொண்டார். நீதிபதியும் அதே ராஜாதான். வாதம் தொடங்குவதற்கு முன்பே, தம் நாய்க்கு இவரைப் பிடித்துவிட்டது என்பதால் யானைக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொல்லிவிட்டாராம் ராஜா. சிரித்துவிட்டுக் கடந்துபோகலாம், ஆனால் ஆக்ஸ்ஃபோர்டில் ரோமானியச் சட்டம் படித்துவிட்டு வந்தவருக்கு அந்த வெற்றி எவ்வளவு கசந்திருக்கும் என்றும் தோன்றுகிறது.

பிரிட்டிஷ் நீதிமன்றங்களில் வக்கீல் என்ற தகுதி வேண்டும் என்பதற்காக 1897-இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் எல்.எல்.பி. தேர்வை எழுதினார், 1899-இல் அலகாபாத் உயர் நீதிமன்றத்தின் பிளீடர் (வழக்காடுநர்) தேர்விலும் தேறினார். ஒவ்வொரு முறையும் தேர்வு எழுதவிட்டார்கள்; தேறியதும் பெயரைப் பதிவு செய்ய மறுத்தார்கள். சட்டத்தில் பெண்ணைத் தடுக்கும் வரி எதுவும் வெளிப்படையாக இல்லை. வழக்கறிஞர் என்ற சொல்லுக்கு ஆண் என்றுதான் பொருள் என நீதிமன்றங்கள் வைத்துக்கொண்டதே தடையாக இருந்தது.

கோஷாப் பெண்களுக்கு அவர் செய்த பணி என்ன?

சென்னை திருவல்லிக்கேணியில் இன்றும் பழையவர்கள் "கோஷா ஆஸ்பத்திரி" என்று ஒரு மருத்துவமனையைச் சொல்வார்கள். அந்தக் கோஷா என்பதே வடநாட்டில் பர்தா. பர்தாவுக்குள் இருக்கும் பெண்ணைப் பர்தாநஷீன் என்பார்கள்.

அத்தகைய ஒரு பெண் பெரிய ஜமீனுக்கே உடைமையாளராக இருக்கலாம். ஆனால் கணவன், தந்தை, உடன்பிறந்தவன் தவிர வேறு ஆடவர் முகம் பார்க்க முடியாது. வக்கீல் வந்தால் திரைக்கு வெளியே உட்கார வேண்டும். திரைக்குள்ளிருந்து பேசும் குரல் அந்த எஜமானியின் குரல்தானா, அல்லது நாத்தனாரோ வேலைக்காரியோ பேசுகிறார்களா என்று வக்கீலுக்குத் தெரியாது. உள்ளே நீட்டப்படும் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று அந்தப் பெண்ணுக்கும் தெரியாது. இடையில் இருக்கும் திவானும் குமாஸ்தாவும் இரண்டு பக்கத்துக்கும் தாங்கள் விரும்பியதைச் சொல்லலாம். பர்தாநஷீன் எழுதிக்கொடுத்த பத்திரம் செல்ல வேண்டுமானால், அவர் அதைப் புரிந்துகொண்டே எழுதினார் என்பதைப் பத்திரத்தால் பயனடைகிறவர்தான் மெய்ப்பிக்க வேண்டும் என்று, லண்டனில் இருந்த கடைசி மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் வரை தீர்ப்புகள் இருந்தன. நல்ல விதிதான், ஆனால் அது வழக்கு நீதிமன்றத்துக்கு வந்த பிறகு கிடைக்கும் காப்பு. வழக்குப் போடவே வழியில்லாதவருக்கு அதனால் என்ன பயன்?

திரைக்கு உள்ளே போகக்கூடிய ஒரு சட்டம் தெரிந்த ஆள் வேண்டும் என்பதுதான் கார்னீலியாவின் வாதம். 1902 முதல் அரசுக்கு எழுதி எழுதி, 1904-இல் வங்காளக் கோர்ட் ஆஃப் வார்ட்ஸ் நிர்வாகத்தில் பெண் உதவியாளர் பதவியைப் பெற்றார். வாரிசு சிறுவனாக இருந்தாலோ, உடைமையாளர் நிர்வகிக்க இயலாதவர் என்று கருதப்பட்டாலோ, ஜமீனை அரசே எடுத்து நடத்தும் ஏற்பாட்டுக்கு அந்தப் பெயர். பாஸ்கர சேதுபதி சிறுவனாக இருந்தபோது இராமநாதபுரம் சமஸ்தானமும் இப்படித்தான் நிர்வகிக்கப்பட்டது. சில ஆண்டுகளில் வங்காளம், பீகார், ஒரிசா, அசாம் என நான்கு பகுதிகளும் அவர் பொறுப்புக்கு வந்தன. ரயிலிலும் படகிலும் பல்லக்கிலும் யானை மீதும் பயணம் செய்து அந்தப்புரங்களுக்குச் சென்றார். ஜீவனாம்சம், தத்து, மூத்தாள் இளையாள் சண்டை, சிறுவனின் படிப்பு, பெண்ணின் நோய் என எல்லாமே அவர் மேசைக்கு வந்தன. சுமார் இருபது ஆண்டுகளில் அறுநூறுக்கும் மேற்பட்ட பெண்களுக்கும் அநாதைச் சிறார்களுக்கும் உதவினார் என்பது கணக்கு. 1909-இல், பொதுச் சேவைக்காகப் பிரிட்டிஷ் அரசு அளித்துவந்த கைசர்-இ-ஹிந்த் தங்கப் பதக்கம் வழங்கப்பட்டது.

பெண்களுக்கு நீதிமன்றக் கதவு எப்போது திறந்தது? அது இவரால்தானா?

இவரால் மட்டும் அன்று. 1916-இல் ரெஜினா குஹா என்ற பெண் கல்கத்தா உயர் நீதிமன்றத்தில் பதிவு கேட்டார். ஆண்பால் சொல் பெண்ணையும் குறிக்கும் என்ற பொது விதியைக் காட்டி வாதாடியும், ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு மறுத்துவிட்டது. 1921-இல் பாட்னாவில் சுதான்சுபாலா ஹஸ்ராவுக்கும் அதே விடைதான். அதே 1921-இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் மட்டும் வேறு முடிவெடுத்து, ஐம்பத்து நான்கு வயதான கார்னீலியாவை வக்கீலாகப் பதிவு செய்தது. 1923-இல் இயற்றப்பட்ட சட்டம், பெண் என்ற காரணத்தால் யாரையும் சட்டத் தொழிலிலிருந்து விலக்கக்கூடாது என்று நாடு முழுமைக்கும் தடையை நீக்கியது. தோற்றுப்போன அந்த இரண்டு மனுக்களையும் சேர்த்துத்தான் இந்த வரலாற்றைச் சொல்ல வேண்டும்.

கார்னீலியா 1923-இல் லண்டனில் பாரிஸ்டர்களை ஏற்கும் சங்கங்களில் ஒன்றான லிங்கன்ஸ் இன்னில் பாரிஸ்டராகி, 1924-இல் கல்கத்தாவில் தொழிலைத் தொடங்கினார். எதிர்பார்த்தது நடக்கவில்லை. கருத்துரை எழுதித்தரும் வேலைகளே பெரும்பாலும் வந்தன. நீதிமன்றத்தில் எழுந்து வாதிடும் வழக்குகள் அரிதாகவே கிடைத்தன. 1929-இல் ஓய்வு பெற்று லண்டனில் குடியேறினார். சென்னை உயர் நீதிமன்றத்தில் முதல் பெண் வழக்கறிஞராக ஆனந்தபாய் பதிவு செய்துகொண்டதும் அதே 1929-இல்தான்.

விடுதலைப் போராட்டத்தைப் பற்றி அவருடைய நிலை என்ன?

எதிர்த்தார். இதைப் பூசி மெழுக வேண்டியதில்லை. பிரிட்டிஷ் ஆட்சி தொடர வேண்டும் என்று நம்பினார். காந்தியின் இயக்கத்தை வெளிப்படையாகக் கண்டித்தார். இந்தியாவை இழிவாகச் சித்திரித்த கேத்தரின் மேயோவின் "மதர் இந்தியா" 1927-இல் வெளிவந்து நாடே கொதித்தபோது, மேயோவின் பக்கம் நின்று பேசினார். அதன் விலை உடனே தெரிந்தது. வங்காளத்தில் பெண்களுக்காக அவர் தொடங்கியிருந்த சமூகப் பணித் திட்டத்துக்கு ஆதரவளித்தவர்கள் விலகிக்கொண்டார்கள்.

அவர் அப்படி நினைத்ததற்குப் பின்னணி உண்டு. அவருக்குக் கிடைத்த கதவுகளில் பலவற்றைத் திறந்தவர்கள் ஆங்கிலேய நண்பர்கள். அந்தப்புரங்களில் அவர் கண்டதெல்லாம், சட்டம் வந்தும் மாறாத வாழ்க்கை. ஆனால் கதவைச் சாத்தியதும் அதே ஆட்சியின் நீதிபதிகள்தான் என்பதை அவர் ஏன் அதே கண்டிப்போடு எடை போடவில்லை என்பது எனக்கு இன்றும் பிடிபடாத ஒன்று. அவருடைய பெயர் சுதந்திர இந்தியாவில் நீண்ட காலம் பேசப்படாமல் போனதற்கு இந்த நிலைப்பாடே முக்கியக் காரணம்.

அவர் எழுதிய நூல்களில் எதிலிருந்து தொடங்கலாம்?

1934-இல் வெளிவந்த "இந்தியா காலிங்" என்ற தன்வரலாறு. யானை வழக்கும் ஆக்ஸ்ஃபோர்டுத் தேர்வும் அதில்தான் இருக்கின்றன. பெற்றோரைப் பற்றி அறிய விரும்புவோருக்கு 1924-இல் எழுதிய "தேர்ஃபோர்" பயன்படும். தங்கை சூசியைப் பற்றியும் தனி நூல் எழுதியிருக்கிறார். அந்தப்புரக் கதைகளைப் படிக்கும்போது, அவை அரசு ஊழியர் ஒருவரின் கண்வழி வந்தவை என்பதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

கடைசிக் காலம் எப்படி இருந்தது?

திருமணம் செய்துகொள்ளவில்லை. லண்டனிலேயே வாழ்ந்தார், இரண்டாம் உலகப் போரில் குண்டு விழுந்த நாள்களிலும் அந்நகரை விட்டுப் போகவில்லை. பார்வை ஏற்கெனவே மங்கியிருந்தது. 1954 ஜூலை 6-ஆம் நாள், எண்பத்தேழாம் வயதில் காலமானார். ஐம்பத்தாறு வயதில் அவரைப் பாரிஸ்டராக ஏற்றுக்கொண்ட லிங்கன்ஸ் இன்னில் 2012-இல் அவருக்கு மார்பளவுச் சிலை வைத்தார்கள்.